வாய் என்றொரு கட்டம்

நீங்கள் பேச வேண்டாம். கன்னம் வீங்கியிருப்பது தெரிகிறது. தலையை ஆட்டினால் போதும். இந்த இடம் காலிதானே? நல்லது. உங்கள் சீட்டு எண் என்ன? ஐம்பத்திரண்டா? எங்களுடையது நாற்பத்தொன்று. உள்ளே இப்போது இருபத்தொன்பது நடக்கிறது. பல் மருத்துவக் கல்லூரியில் வரிசை மெதுவாகத்தான் நகரும். ஒரு வாயை ஆறு மாணவர்கள் எட்டிப் பார்த்த பிறகுதான் ஏழாவதாக மருத்துவர் பார்ப்பார். குறையாகச் சொல்லவில்லை. முறை என்று ஒன்று இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

அதோ தூணுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில், பச்சைத் துண்டால் கன்னத்தை மூடிக்கொண்டு ஒருவர் இருக்கிறாரே, அவருக்காகத்தான் வந்திருக்கிறேன். சென்னியப்பன். வயது எண்பத்தொன்று. முதியோர் இல்லத்தில் என் அறைத்தோழர். உறவில்லை. நண்பர் என்றும் இப்போதைக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஐந்து வாரமாக அவர் என்னோடு பேசவில்லை. யாரோடும்தான் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காரணம் நான்தான் என்பது எனக்குத் தெரியும்.

பேசாததுகூடப் பரவாயில்லை. சாப்பிடவும் இல்லை. ஜனவரியில் அறுபத்தொரு கிலோ இருந்தவர், இப்போது ஐம்பத்திரண்டு. வருகிற திங்கட்கிழமை மூக்கு வழியாகக் குழாய் போடப்போகிறார்கள். மஸ்கட்டிலிருந்து மகன் தொலைபேசியில் சம்மதம் கொடுத்தாயிற்று. இன்று வெள்ளி. நடுவில் இரண்டு நாள்தான்.

என் பெயர் தணிகாசலம். வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டு வேலை. மனுக்களில் எனக்கு நல்ல அனுபவம். சரியாகச் சொன்னால் எழுதியதில் அல்ல, திருப்பி அனுப்பியதில். எந்த மனு நிற்கும், எந்த மனு விழும் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவேன். ஓய்வுபெற்ற பிறகுதான் நானே எழுத ஆரம்பித்தேன். இல்லத்தில் நான் எழுதிய பதினேழு மனுக்களில் ஒன்றுகூட விழுந்ததில்லை.

பொன்மாலை முதியோர் இல்லம் என்று பெயர். மாலைக்கு அப்புறம் என்ன வரும் என்று பெயர் வைத்தவர் யோசிக்கவில்லை போலிருக்கிறது. போகட்டும். மூன்று வேளை சாப்பாடு, சுத்தமான படுக்கை, மாதம் ஒருமுறை முடிவெட்டு. ஆண்கள் பகுதியில் பன்னிரண்டு பேர். அறைக்கு இருவர்.

சென்னியப்பன் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் ஏலம் கூறியவர். நாற்பது வருடம் கத்திய தொண்டை. காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னால் சமையலறையில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். சாப்பாட்டு வேளையில் தட்டில் கடைசி வடை மிஞ்சினால் எழுந்து நிற்காமலே ஏலத்தை ஆரம்பித்துவிடுவார். "ஒரு வாழைப்பழம், ஒரு தரம்! வாழைப்பழமும் நாளைப் பேப்பர் முதல் ஆளாப் படிக்கிற உரிமையும், ரெண்டு தரம்!" பல்லில்லாத கிழவர்கள்கூடக் கைதூக்குவார்கள். வடை வாங்கி என்ன செய்வார்கள் என்று நான் கேட்டதுண்டு. 

அவருக்குக் கை நடுக்கம். தேநீர்க் குவளையைக் கையில் கொடுத்தால் பாதி சட்டைக்குப் போகும். மேல்வரிசையில் நான்கு பல் கட்டியது, கழற்றி மாட்டுகிற வகை. இரண்டு பக்கமும் கம்பி போட்டுச் சொந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். நடுங்கும் கையால் அதைக் கழற்ற அவரால் ஆகாது. ஜெசிந்தா என்று ஒரு பணிப்பெண், அவள்தான் காலையும் இரவும் செய்துவந்தாள். விரலில் துணியைச் சுற்றி, வாய்க்குள் விட்டு, ஈறெல்லாம் துடைப்பாள்.

"ஆ காட்டுங்கய்யா. இன்னும் கொஞ்சம். மண்டியே அதிரக் கத்தின வாய்தானே, இப்ப என்ன கூச்சம்?"

அவர் வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டே, "ஒழு தழம், ழெண்டு தழம்" என்பார்.

"மூணு தரம். முடிஞ்சுது. கடிச்சீங்கன்னா ஏலம் கேன்சல்" என்பாள்.

தினமும் இதே கூத்து. எதிர்க் கட்டிலில் ஒருவன் படிக்க முயன்றுகொண்டிருக்கிறான் என்ற நினைப்பு இருவருக்கும் இருந்ததில்லை.

நான் எச்சில் விஷயத்தில் கண்டிப்பானவன். அதை மறைக்கவில்லை. அண்ணாந்து குடிக்கத் தெரியாத யாருக்கும் எங்கள் வீட்டில் சொம்பு கிடைத்ததில்லை. ஜெசிந்தா அந்தப் பல்செட்டை எங்கே கழுவுவாள் என்று நினைக்கிறீர்கள்? அறையில் இருப்பது ஒரே ஒரு தொட்டி. நான் முகம் கழுவும் தொட்டி.

"அம்மா, இது நான் முகம் கழுவுகிற இடம்" என்றேன்.

"தேய்ச்சுக் கழுவிட்டேங்க சார். பினாயில் வேணா ஊத்தட்டுங்களா?"

"ஊற்றினாலும் அவருடைய பல் அங்கே இருந்தது இருந்ததுதானே?"

"சார், போன மாசம் உங்களுக்கு வயித்தால போச்சே, அந்தத் துணியெல்லாம் இதே கையாலதானே அலசுனேன்?"

அது வேறு, இது வேறு. எச்சில் என்பது தனி வகை. அந்த நுட்பம் அவளுக்குப் புரியவில்லை.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி மனு எழுதினேன். அதில் தொட்டியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. தொட்டி சில்லறைக் காரணம், மனு நிற்காது. மூன்று காரணங்கள் சொல்லியிருந்தேன். ஒன்று, வயது முதிர்ந்த ஆணின் வாயில் பெண் பணியாளர் விரல் விடுவது அவருடைய மாண்புக்கு இழுக்கு. இரண்டு, தொற்று அபாயம். மூன்று, இந்தப் பணிக்குப் பதிவேடு இல்லை. மூன்றாவதுதான் உயிர்நாடி. குளியல், மலம், மாத்திரை எல்லாவற்றுக்கும் படுக்கைத் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் கட்டம் உண்டு, வாய்க்குக் கிடையாது. கட்டத்தில் இல்லாத வேலையை ஒருவர் செய்வது எப்படி முறையாகும்? கீழே 'ஆண்கள் பகுதியில் வசிப்போர்' என்று போட்டேன். தனிப்பட்ட பெயர் எதற்கு?

மேலாளர் கோகிலா மேடம் என்னைக் கூப்பிட்டு, "சார், உங்க மனுவைப் படிச்சா எனக்கே கை நடுங்குது" என்றார். இருபத்திரண்டாம் தேதி ஜெசிந்தாவைப் பெண்கள் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். பூபதி என்ற ஆண் பணியாளர் வந்தார். இருபத்துமூன்றாம் தேதி அட்டையில் 'வாய்' என்று புதுக் கட்டம் வந்தது, காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்க்க வைப்பது என்ன பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாது. முப்பத்துநான்கு ஆண்டில் அலுவலகத்தில் என்னால் அது முடிந்ததில்லை.

பூபதி வேலையை எப்படிச் செய்தார் என்று கேட்பீர்கள். நான் பார்த்ததில்லை. காலை ஆறரைக்கும் இரவு எட்டுக்கும் நான் வளாகத்துக்குள் நடைக்குப் போய்விடுவேன். திரும்பி வந்ததும் அட்டையைப் பார்ப்பேன். டிக் இருக்கும். நேற்று இரவு வரை நூற்றுப் பன்னிரண்டு டிக். ஒரே மையில், ஒரே சாய்வில். என்ன ஒழுங்கு! மார்ச் நான்கும் ஐந்தும் சென்னியப்பனைக் குளுக்கோஸ் ஏற்ற மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அந்த இரண்டு நாளுக்கும் டிக் இருந்தது. சுட்டிக்காட்டினேன். உடனே பூபதி நான்கையும் கோடு போட்டு அடித்துவிட்டார். திருத்திக்கொள்ளும் மனப்பான்மை எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆக நூற்றெட்டு.

முப்பத்து மூன்றா உள்ளே? சரி, நேரம் இருக்கிறது.

இனிதான் விஷயம். பிப்ரவரி இரண்டாம் தேதி இரவு வழக்கம்போல வடை ஏலம். எனக்குத் தலைவலி. "இது உணவுக்கூடம், மண்டி இல்லை" என்று சொன்னேன். கொஞ்சம் உரக்கத்தான். அவர் நிறுத்திக்கொண்டார். வடையை யாரும் தொடவில்லை. அடுத்த நாளிலிருந்து பேச்சு குறைந்தது. பதினொன்றாம் தேதி முழுவதுமாக நின்றது. நான் 'காலை வணக்கம்' என்றால் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். முகத்தைக்கூடக் காட்டமாட்டாராம்! எண்பத்தொரு வயதில் இவ்வளவு வீம்பா?

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு சீட்டு எழுதி அவர் டம்ளருக்கு அடியில் வைத்தேன். 'உணவுக்கூடம் பொது இடம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. எனினும் சொன்ன தொனியில் கடுமை இருந்திருக்கலாம்.' இதைவிட ஒரு மனிதன் இறங்கி வர முடியுமா? அவர் படித்தார். மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். பதில் இல்லை. எனக்கு எவ்வளவு ஆத்திரமாக வந்தது தெரியுமா? கோபம் இருந்தால் திட்டலாமே. திட்டினால் நான் பதில் சொல்வேன். சும்மா இருக்கிற ஆளை என்ன செய்வது?

அப்புறம் சாப்பாட்டையும் நிறுத்தினார். முதலில் தோசை, பிறகு சோறு. கடைசியில் கஞ்சி, அதிலும் இரண்டு கரண்டி. உண்ணாவிரதம் என்றே நினைத்தேன். என்னைக் குற்றவாளியாக்கச் செய்கிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் சும்மா இருக்கவில்லை. தோசை தடிமனாக இருப்பது பற்றி ஒரு மனு, கஞ்சி ஆறிப்போவது பற்றி ஒரு மனு. இரண்டும் ஏற்கப்பட்டன. தோசை மெலிந்தது. அவரும் மெலிந்தார்.

இல்லத்துக்கு வரும் மருத்துவர் மார்பில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "வயசுங்க. இந்த வயசுல மூளை சாப்பிடறதை மறந்துரும். குழாய் போட்டுரலாம்" என்றார். மருத்துவர்கள் நாக்கை நீட்டச் சொல்வார்கள் என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இவர் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்தார். வாய்க் கட்டத்தில் டிக் இருந்தது. பிறகு ஏன் பார்க்க வேண்டும்? முறைப்படி அவர் மேல் தவறில்லை.

முந்தாநாள் ஜெசிந்தா மாற்றுப் போர்வை கொண்டுவந்தாள். பெண்கள் பகுதி ஆளுக்கு இங்கே வேலை இல்லை. அதை நான் சொல்வதற்குள் கட்டிலில் உட்கார்ந்து, துண்டை விலக்கி, அவர் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். அவர் முனகினார். 

"சார், இங்க வாங்க. மூக்கைப் பொத்திட்டு வந்து பாருங்க."

நான் வாசலிலிருந்தே பார்த்தேன்.

"கம்பி ஈறுக்குள்ள பொதைஞ்சு போச்சு சார். ரெண்டு மாசமா யாருமே இதைக் கழட்டல. இவருக்குப் பசி இல்லாம இல்ல. மெல்றதுக்கு வாய் இல்ல."

"நூற்றுக்கு மேல் டிக் இருக்கிறதே?" என்றேன்.

அதற்கு அவள் சொன்னதை இங்கே சொல்ல முடியாது. பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில், "பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நான் சொன்னா மேடம் கேக்க மாட்டாங்க, நீங்க எழுதிக் குடுத்தாக் கேப்பாங்க" என்றாள்.

பல் மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் குழாய் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று அன்றே எழுதிக் கொடுத்தேன். மேடம், "திங்கட்கிழமைக்குள்ள காட்டிட்டு வாங்க, இல்லைன்னா குழாய்தான்" என்று வண்டி கொடுத்தார். அப்படித்தான் வந்தோம். இது முழுக்க என் முடிவு. அவள் யோசனைதான் சொன்னாள். முடிவெடுப்பது வேறு அல்லவா?

நாற்பத்தொன்று என்கிறார்கள். அதற்குள்ளா? நடுவில் நிறையப் பேர் வரவில்லை போலிருக்கிறது. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையின் நகல் மட்டும் எனக்கு வேண்டும். இதோ, எடுத்துக்கொண்டேன். வருகிறேன்.

இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா? நல்லவேளை. பையைக் கொடுங்கள். கொஞ்சம் தண்ணீர் இருக்குமா? வேண்டாம், வேண்டாம், என்னிடமே இருக்கிறது.

உட்காருகிறேன்.

அஃப்ரீன் என்று ஒரு பெண் மருத்துவர். என் பேத்தி வயது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கம்பியை மெதுவாக, மிக மெதுவாக நெம்பி எடுத்தார். பல்செட் வெளியே வந்ததும் சுற்றி நின்ற ஆறு மாணவர்களில் நான்கு பேர் ஒரு அடி பின்னால் போனார்கள். மீதி இருவர் முகக்கவசத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்கள். நான் அதைப் பார்த்தேன். இந்த முறை வாசலிலிருந்து இல்லை, பக்கத்தில் நின்று. கம்பி இருந்த இடத்தில் ஈறு கிழிந்து குழியாகியிருந்தது. கன்னத்தின் உட்புறத்தில் ஐம்பது பைசா அகலத்துக்குப் புண். கம்பி பிடித்திருந்த இரண்டு பல்லும் சொத்தையாகி முறிந்து, வேர் மட்டும் நின்றது.

"தினமும் இதைக் கழட்டிக் கழுவினது யாருங்க?" என்றார் மருத்துவர்.

நான் நகலை நீட்டினேன். கையில் இருந்த பல்செட்டையும் நகலையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல டிக் இருக்கு. வாயில இது இருக்கு. நான் எதை நம்பட்டும் தாத்தா?"

"நல்ல ஒரு பணிப்பெண் இருந்தாள். அவளை மாற்றிவிட்டார்கள்" என்றேன்.

"ஏன்?"

"நிர்வாகக் காரணம்."

அப்போதுதான் சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஐந்து வாரம் கழித்து. நாக்கும் உதடும் மரத்துக் குழறினாலும் அந்தத் தொண்டை இருக்கிறதே, அது அப்படியேதான் இருந்தது. வெளியே வரிசையில் கேட்டிருக்கும். உங்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். "மனு இவரு எழுதுனதுங்க அம்மணி" என்றார்.

ஆறு மாணவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடம் எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. நல்லாத்தான் எழுதியிருந்தாரு. என்னோட கௌரவத்துக்குன்னு இருந்துது. எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் தெரியலீங்க. ஆனாப் படிச்ச மனுசன், தெரியாமயா எழுதுவாரு? அதான் சரின்னுட்டேன்."

நான் விளக்கம் சொன்னேன். மனு நடைமுறையைப் பற்றியது, நபரைப் பற்றியது அல்ல. நடைமுறை சரியானதுதான், செயல்படுத்தியதில்தான் பிழை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒரு மாணவி குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாளோ.

"அப்படியானால் என்மேல் கோபம் இல்லையா?" என்று அவரிடம் கேட்டேன். "அந்த வடை விஷயத்தில்?"

"எந்த வடைங்க சார்?" என்றார்.

அவருக்கு ஞாபகமே இல்லை. ஐந்து வாரம்! நான் ஐந்து வாரம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு புரண்டு புரண்டு படுத்திருக்கிறேன். டம்ளருக்கடியில் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். "அந்தச் சீட்டைப் படித்தீர்களே?" என்றேன். "படிச்சேனுங்க. தொனி அது இதுன்னு இருந்துது. பொறவு சாவகாசமாக் கேட்டுக்கலாம்னு வெச்சேன். வலியில எங்கீங்க பேசறது?" என்றார்.

பேசவில்லை, சாப்பிடவில்லை, கன்னத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார். இவ்வளவையும் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து தேதி வாரியாகக் குறித்து வைத்தவன் நான். என்னிடம் யாராவது இந்த விவரங்களை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்திருந்தால் முதல் பத்தியிலேயே சொல்லியிருப்பேன், பல்வலி என்று.

குழாய் வேண்டியதில்லை என்று மருத்துவர் கடிதம் கொடுத்துவிட்டார். இதோ, பையில் இருக்கிறது. முத்திரையோடு. இரண்டு வாரம் குழைந்த சாப்பாடு, வாய் சுத்தம். கன்னத்துப் புண் அதற்குள் ஆறவில்லையென்றால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். ஆறிவிடும் என்றும் சொன்னார். சொன்ன வரிசை அதுதான், நான் மாற்றிச் சொல்லவில்லை.

பிறகு, "காலையும் ராத்திரியும் ஒருத்தர் விரல் விட்டுத் துடைக்கணும். யார் செய்வீங்க?" என்று கேட்டார். ஜெசிந்தாவைத் திரும்பக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க. உத்தரவு வர்ற வரைக்கும்?" என்றார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்துக் கையுறையை மாட்டி, விரலில் துணியைச் சுற்றிவிட்டார். சம்மதம் கேட்கவில்லை. முறையே இல்லாத பெண்.

செய்தேன். இடது பக்கம் மருத்துவர் செய்து காட்டினார், வலது பக்கம் நான். சூடாக இருக்கிறது, தெரியுமா? ஒரு மனிதனுடைய வாய்க்குள் அவ்வளவு சூடு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எழுபத்தொன்பது வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஈறு எங்கே மெத்தென்று இருக்கிறது, எங்கே தொட்டால் அவர் கண் சுருங்குகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடுகிறது. அதற்கெல்லாம் கட்டம் போட முடியாது. முடியலாம். யோசிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வேரையும் பிடுங்கி, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ரத்தம் நிற்காது. அதன் பிறகு குளிர்ந்த மோர் கொடுக்கலாம். குடிப்பாரா என்று அப்போது தெரியும். உணவகத்தில் ஒரு டம்ளர் சொல்லிவைத்திருக்கிறேன், உப்புப் போடாமல்.

அதோ, தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பாருங்கள், துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார். முகம் தெரிகிறது.

நான் அவரிடம் கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. மேடம் மனுவைப் படித்துக் காட்டியபோது ஒரு வார்த்தை மறுத்திருக்கலாமே? வலிக்கிறது என்று ஒரு சீட்டிலாவது கிறுக்கியிருக்கலாமே? ஆனால் கிளம்பும்போது மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதுவும் என்னைப் பார்த்து. "அவரை விட உங்களைத்தான் நம்ப முடியல தாத்தா. நீங்க ஏதாவது கேட்டா அவர் பதில் சொல்ல வாயைத் திறந்துருவாரு. அதனால இந்த ஒரு மணி நேரமும் நீங்க பேசக் கூடாது. புரியுதா?"

இப்போது மணி பதினொன்று இருபது.

சென்னியப்பன், இங்கே, இந்தப் பக்கம். இவர் நமக்குத் தெரிந்தவர்தான். வேண்டாம், வேண்டாம், பதில் சொல்லாதீர்கள்.

நானும் நிறுத்திக்கொள்கிறேன்.